மௌனம் சம்மதமாகுமா?

“மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி” என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் மொழி. மணம் பேசும் வீட்டிலும், ஊர்க் கூட்டத்திலும், சங்கங்களின் மகாசபையிலும் இம்மொழி எழுதாத சட்டம் போல ஆட்சி செலுத்துகிறது. தலைவர் தீர்மானத்தைப் படிக்கிறார், “யாருக்கேனும் ஆட்சேபம் உண்டா?” என்று வினவுகிறார், எவரும் வாய் திறப்பதில்லை, “ஏகமனதாக நிறைவேறியது” என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்படுகிறது. எழுதிய கை பொய் எழுதவில்லை. எனினும் அங்கு அமர்ந்திருந்தோர் அனைவரும் உண்மையில் ஒரே மனத்தினராக இருந்தனரா என்று கேட்டால், ஆம் என்று உறுதி கூறுதல் எளிதன்று. இச்சிறு ஐயத்தையே நாம் ஈண்டு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்கிறோம்.

தனி மனிதர் பலர் கூடினால் சங்கம். சங்கங்கள் பல கூடினால் சம்மேளனம். ஒரு மாவட்டத்திலோ, மாநிலத்திலோ, நாடு முழுவதிலுமோ சிதறிக் கிடக்கும் தொண்டுச் சங்கங்களுக்குத் துணை நிற்பதும், அவற்றின் சார்பில் அரசாங்கத்தினிடமும் பொதுமக்களிடமும் பேசுவதும் இத்தகைய சம்மேளனங்களின் பணி. அவ்வாறான ஒரு சம்மேளனம் “நாங்கள் இதனை வேண்டுகிறோம்” என்று விண்ணப்பம் எழுதும்போது, அந்த “நாங்கள்” என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர்? அவர்கள் பொருட்டுப் பேசும் உரிமை அதற்கு எங்கிருந்து வந்தது? உதவி செய்ததனாலேயே அவ்வுரிமை பிறந்துவிடுமா? இது நிர்வாகத்தைப் பற்றிய வினாப்போலத் தோன்றினும், உண்மையில் அறத்தைப் பற்றிய வினாவேயாகும். பிறருடைய பொருளை அவர் அறியாமல் எடுப்பது களவு என்பதை எல்லோரும் ஒப்புவர். பிறருடைய குரலை அவர் அறியாமல் எடுப்பதற்கு என்ன பெயரிடுவது?

முதற்கண் சம்மேளனத்தின் தேவையை மறுப்பார் இலர் என்பதைக் கூறிவிடுதல் முறையாகும். நம் அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையைக் குடிமக்களுக்கு வழங்கியுள்ளது. 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் கூடினாலே ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். ஆனால் ஏழு பேர் கூடுவது எளிது. கூடியபின் நிலைத்து நிற்பதே அரிது. ஒரு சிற்றூரில் இரவுப் பள்ளி நடத்தும் சங்கத்தை நினைத்துக்கொள்வோம். தலைவர் கூலிவேலை செய்பவர், செயலாளர் எட்டாம் வகுப்போடு நின்றவர், பொருளாளர் தையற்காரர். மண்ணெண்ணெய் விளக்கில் தொடங்கிய பள்ளி இன்று மின்விளக்கில் நடைபெறுகிறது. பிள்ளைகள் வருகின்றனர், எழுதப் படிக்கக் கற்கின்றனர். இச்சங்கம் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். மகாசபை கூட்டிய நடவடிக்கையை அனுப்ப வேண்டும். வருமான வரி இலாகாவுக்கு விடை கூற வேண்டும். ஒரு படிவம் தவறினால் பத்தாண்டு உழைப்பு ஆட்டங் காணும். தனி மரம் தோப்பாகாது. பக்கத்து ஊர்ச் சங்கங்களோடு கைகோத்து, கணக்கறிந்த ஒருவரை எல்லோருக்கும் பொதுவாக அமர்த்திக்கொள்ளவும், அதிகாரிகளிடம் ஒரே குரலில் பேசவும் ஒரு சம்மேளனம் அவர்களுக்கு இன்றியமையாதது.

இத்தேவையை உணர்ந்தே 1958இல் ஜயப்பிரகாஷ் நாராயணனைத் தலைவராகக் கொண்டு, ஊரக வளர்ச்சிக்காக உழைக்கும் தன்னார்வ நிலையங்களின் சங்கமாகிய ‘அவார்ட்’ தில்லியில் தோன்றியது. பின்னர் 1988இல் நாடளாவிய வலையமைப்பாக ‘வாணி’ உருவாயிற்று. அஃது ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் ஆகிய சொல்லேயாயினும், வாணி என்பதற்கு நம் மொழிகளில் குரல் என்பதும் பொருளாதல் கருதத்தக்கது. ஆயிரக்கணக்கான சிறு நிலையங்களுக்குக் குரலாக இருப்பது பெருந்தொண்டு. ஆனால் குரலுக்கு உரியவர் வேறு, குரல் கொடுப்பவர் வேறு என்னும் நிலை வந்தவுடனேயே அறச்சிக்கலும் கூடவே வந்துவிடுகிறது.

இச்சிக்கல் எத்துணைக் கூர்மையானது என்பதை நாகப்பட்டினம் நமக்கு ஒருமுறை காட்டிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையில் அம்மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சில நாட்களுக்குள் நாட்டின் நானா திசைகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கான தொண்டு நிலையங்கள் அங்குக் குவிந்தன. அன்பிற்குக் குறைவில்லை, ஒழுங்குக்கே குறைவு ஏற்பட்டது. ஓர் ஊருக்கு அரிசி மும்முறை வந்தது. அடுத்த ஊருக்கு ஒருமுறையும் வரவில்லை. யாரும் கேளாத பழந்துணிகள் சாலையோரங்களில் மலைபோற் குவிந்து மழையில் நனைந்து மட்கின. அந்நிலையில் மாவட்ட நிர்வாகத்தின் துணையுடன், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனமும் நாகையில் பெண்களிடையே பணியாற்றிவந்த ‘சிநேகா’ என்னும் அமைப்பும் முன்னின்று, 2005ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தின. எந்த ஊரில் எந்த நிலையம் என்ன செய்கிறது, எது குறைகிறது, எது மிகுகிறது என்பன அங்குத் தொகுக்கப்பட்டன. கிராமங்களில் தகவல் மையங்களும் அமைக்கப்பட்டன. வந்தவர்களின் அன்புக்கு ஒரு வழித்தடம் கிடைத்தது. சங்கங்களுக்குத் துணை நிற்கும் ஒரு பொது அமைப்பின் பயனுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆனால் அதே கடற்கரை வேறொரு பாடத்தையும் கற்பித்தது. மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்பது பழமையும் வலிமையும் மிக்க அமைப்பு. ஊருக்காகப் பேசுவது அதன் வழக்கம். உதவி கொண்டுவந்தோர் பலர் அதனையே நாடினர். அது கொடுத்த பட்டியலையே ஊரின் பட்டியல் என்று ஏற்றனர். அதில் வியப்பில்லை, அந்த நெருக்கடியில் வேறு வாயில் எதுவும் அவர்கள் கண்ணிற் படவில்லை. ஆயினும் அவ்வாயிலுக்கு வெளியே சிலர் நின்றிருந்தனர். பஞ்சாயத்தில் இடம் பெறாத பெண்கள், குறிப்பாகக் கணவனை இழந்தோர். கடலுக்குச் செல்லாமல் உப்பேறிப்போன வயல்களில் கூலிவேலை இழந்து நின்ற தலித் மக்கள். உப்பங்கழிகளில் கையால் இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்த இருளர் ஆகியோர் பல இடங்களில் நிவாரணப் பட்டியல்களில் விடுபட்டனர் என்பதை அக்காலத்தில் ஆய்வு செய்தோர் பதிவு செய்துள்ளனர். படகு இழந்தவனுக்குப் படகு. வலை இழந்தவனுக்கு வலை. இழப்பதற்குப் படகோ வலையோ இல்லாதவன் எதை இழந்தான் என்று எழுதுவதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை!

பஞ்சாயத்தார் பொய் சொன்னார்களா? பெரும்பாலும் இல்லை. தம் கண்ணுக்கு ஊர் எதுவோ அதனையே ஊர் என்றனர். உதவி செய்தோர் வஞ்சித்தார்களா? அதுவும் இல்லை. ஊரார் சொல்லைக் கேட்டு நடப்பதே முறை என்று நம்பினர். எவர் நெஞ்சிலும் தீமை இல்லாதபோதே ஒரு தீமை நிகழ்ந்துவிட்டது. தீய எண்ணத்தால் விளையும் தீமையை நாம் விரைவில் அடையாளம் கண்டுகொள்கிறோம். “இவர்தாம் அனைவர்க்குமாகப் பேசுகிறாரே” என்னும் நிம்மதியில் விளையும் தீமையே கண்ணுக்குப் புலனாவதில்லை.

இனி, துணை நிற்றல், சார்பாகப் பேசுதல் என்னும் இரு கடமைகளையும் அருகருகே வைத்து நோக்குவோம். இவை இரண்டும் உடன்பிறந்தவை போலத் தோன்றினும் ஒன்றையொன்று கெடுக்கவல்லவை. “உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்பது நம் முன்னோர் மொழி. நன்றி மறவாமை உயர்ந்த பண்பே. ஆனால் எந்தச் சம்மேளனத்தின் வழியாகத் தன் ஆசிரியருக்கு மாதச் சம்பளம் வருகிறதோ, அந்தச் சம்மேளனத்தின் தீர்மானத்தை எதிர்த்துப் பேசச் சிற்றூர்ச் சங்கத்தின் செயலாளருக்கு நா எழுமா? அவர் பேசாதிருப்பார். அப்பேசாமையில் பாதி நன்றி, பாதி அச்சம். மேடையில் இருப்பவருக்கோ இரண்டும் சம்மதமாகவே தோன்றும். ஆகவே, மிகுதியாக உதவும் சம்மேளனத்துக்கே உண்மையான கருத்து மிகக் குறைவாக வந்து சேரும் என்னும் விந்தை நேர்கிறது. கொடுக்கும் கையும் பேசும் வாயும் ஓருடலில் அமைந்திருத்தல் இயல்பே. கொடுக்கும் கையைக் காட்டிப் பேசும் வாய்க்கு ஆதரவு திரட்டுதல் மட்டும் அறமாகாது.

பேசும் உரிமை மேலிருந்து வழங்கப்படுவதன்று என்பதையும் நம் நாட்டுத் தொண்டு நிலையங்கள் ஒருமுறை உரத்துக் கூறின. 1985 முதல் 1990 வரையிலான ஏழாவது ஐந்தாண்டுத் திட்டம் ஊரக வளர்ச்சியில் தன்னார்வ நிலையங்களுக்குச் சிறப்பிடம் அளித்தது. அதனையொட்டி, அந்நிலையங்களுக்கென ஒரு தேசிய மன்றமும் மாநில மன்றங்களும் சட்டத்தின் வழியே அமைய வேண்டும், ஓர் ஒழுக்க விதித்தொகுப்பும் வேண்டும் என்னும் யோசனை எழுந்தது. முன்மொழிந்தோர் நோக்கம் நன்றே: போலிகளை நீக்கி உண்மைத் தொண்டர்களைக் காத்தல். எனினும் நாடெங்கும் கடும் எதிர்ப்புக் கிளம்பிற்று. விதிகள் கடுமையாக உள்ளன என்பது மட்டும் எதிர்ப்பின் காரணமன்று. “எங்களுக்காகப் பேசவும், எங்களை அளவிடவும் உங்களை நியமித்தவர் யார்?” என்பதே அதன் உள்ளீடு. யோசனை கைவிடப்பட்டது. இதனின்று நாம் அறிவது யாதெனின், நல்ல நோக்கமும் சட்டத்தின் முத்திரையும் சேர்ந்தாலும் பிரதிநிதித்துவம் ஆகிவிடாது. கேட்டுப் பெற்றதே பிரதிநிதித்துவம்.

கேட்டுப் பெறுவதற்கு ஒரு வழி, கீழிருந்து கட்டுவது. மேலே நாம் குறிப்பிட்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனமே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கரைகளில் மீனவன் பிடித்த மீனை விலைபேசும் உரிமை, அவனுக்கு முன்பணம் கொடுத்த வியாபாரியிடமே இருந்தது. 1970களில் ஊர்தோறும் மீனவர் சங்கங்கள் தோன்றி ஏலத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்டன. அவை கூடி மாவட்டச் சம்மேளனங்களாகி, 1980இல் தலைமைச் சம்மேளனம் உருவாயிற்று. கரையில் விற்கும் மீனின் விலையில் ஒரு சிறு பங்கே சங்கத்தை நடத்தும் பணம். படகு கட்டுதல், எஞ்சின் பழுது பார்த்தல் முதலிய உதவிகளைத் தலைமைச் சம்மேளனம் செய்தது. அங்கே பணம் ஊற்றெடுத்தது உறுப்பினனின் வலையிலிருந்து. தான் கொடுத்த காசில் நடக்கும் அமைப்பைப் பார்த்து, “நீ என் பெயரால் சொன்னது சரியன்று” என்று சொல்ல ஒருவனுக்கு வாய் கூசாது. சந்தா என்பது வருமானம் மட்டுமன்று; அது கேள்வி கேட்கும் உரிமைக்கு உறுப்பினன் செலுத்தும் விலையுமாகும். ஆண்டுக்கு ஐம்பது ரூபாயே ஆயினும் அந்த உரிமை சிறியதாகாது.

எல்லாச் சங்கங்களுக்கும் மீன்வலை இல்லை. வறியோர் நடுவே பணிபுரியும் நிலையங்கள் வெளியார் உதவியைக் கொண்டே நடைபெற வேண்டியுள்ளன என்பர். உண்மையே. அப்படியாயின், உதவியைப் பெற்றுக்கொண்டும் தன் குரலை இழவாதிருக்கும் முறை எது? இதற்கு விடை தேடுகையில், கூட்டமாக வாழ்வதற்கே விதிகள் வகுத்த பழைய சமூகமொன்றின் அனுபவம் நமக்குக் கைகொடுக்கிறது. சமயப் பெருமை பேசுதல் ஈண்டு நம் நோக்கமன்று, நடைமுறையையே கருதுகிறோம். தீர்மானம் கொண்டுவருதல், வாக்கெடுத்தல் முதலிய பாராளுமன்ற முறைகளைப் பண்டைய பிக்கு சங்கங்கள் அறிந்து கடைப்பிடித்தன என்பதை டாக்டர் அம்பேத்கர் 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய பேருரையில் எடுத்துக் காட்டினார்.

அந்தச் சங்கத்திலும் மௌனம் சம்மதமாகவே கொள்ளப்பட்டது. ஆனால் எப்பொழுது? முக்கியமான காரியங்களில் முதலில் விஷயம் அறிவிக்கப்படும். பின் மும்முறை எடுத்துரைக்கப்படும். உடன்படுவோர் மௌனமாயிருக்கலாம், உடன்படாதோர் பேசலாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லப்படும். கூடியிருப்பவர், விஷயத்தை அறிந்தவர், பேச அழைக்கப்பட்டவர் — இம்மூன்றும் பொருந்தியவருடைய மௌனமே சம்மதம். வராதவருடைய மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படவில்லை. நாமோ அவ்வழக்கத்தின் வாலை மட்டும் பிடித்துக்கொண்டு தலையை விட்டுவிட்டோம். பதில் வராத சுற்றறிக்கையையும் ஒப்புதல் என்று கணக்கிடுகிறோம்!

வராதவர் நிலை என்ன என்பதை வினய பிடகத்தின் மகாவக்கம் விரிவாகக் கூறுகிறது. உபோசத நாளில் எல்லையினுள் உள்ள பிக்குகள் அனைவரும் கூட வேண்டும். ஒருவர் நோயுற்றிருந்தால், தம் இசைவை மற்றொரு பிக்குவிடம் சொல்லாலோ சைகையாலோ உணர்த்தி அனுப்பலாம். அதனைக் கொண்டுசெல்பவர் வழியிலேயே வேறிடம் போய்விட்டால், அஃது வந்து சேர்ந்ததாகக் கொள்ளப்படாது. வேறொருவர் மூலம் மீண்டும் பெறவேண்டும். கூட்டத்தை அடைந்தபின் வேண்டுமென்றே அறிவிக்காமல் விட்டால், அது அவர்மேல் குற்றமாகும். நோயாளியால் அவ்வாறு உணர்த்தவும் இயலாவிடின் கட்டிலோடு அவரைக் கூட்டத்திற்குத் தூக்கி வரவேண்டும். தூக்கினால் நோய் மிகும், உயிர்க்கு ஆபத்து என்று பணிவிடை செய்வோர் கருதினால்? அவரை விட்டுவிட்டுக் கூட்டம் நடத்தலாகாது. சங்கம் முழுவதும் எழுந்து நோயாளி கிடக்கும் இடத்திற்குச் செல்ல வேண்டும்!

அன்பர்களே, இவ்விதியை ஒருமுறை நின்று எண்ணிப் பாருங்கள். பலர் உடல் நலத்தோடு அமர்ந்திருக்கின்றனர்; ஒருவர் எழ இயலாமற் கிடக்கிறார். கணக்கின்படி அவர் ஒருவர் இல்லாமலும் முடிவு அதுவேயாகும். ஆயினும் பலர் நடக்கின்றனர், ஒருவருக்காக. ஏன்? அவர் இல்லாத கூட்டம் முழுமையான சங்கம் அன்று என்பதனால். எளியவனை விட்டுவிட்டுக் கூடிய கூட்டம் எத்துணைப் பெரிதாயினும் அது “நாங்கள்” என்று சொல்லும் தகுதியைப் பெறவில்லை என்பதனால். நாகைக் கரையில் பட்டியலில் விடுபட்ட அந்த இருளர் குடும்பத்தை நினைத்துக்கொண்டு இவ்விதியைப் படித்தால் இதன் பொருள் இன்னும் தெளிவாகும். அக்குடும்பம் கூட்டத்திற்கு வராது. வரும் என்று காத்திருப்பதும், வரவில்லையென்று குறை கூறுவதும் வீண். கூட்டம்தான் எழுந்து நடக்க வேண்டும்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும், அது புறக்கணிக்கத்தக்கதன்று. “அரசாங்கத்தின் காரியங்கள் மின்னல் வேகத்தில் நடக்கின்றன. ஊர் ஊராகச் சென்று கேட்டுக்கொண்டிருந்தால், கேட்டு முடிப்பதற்குள் சட்டம் நிறைவேறிவிடும், பிரதிநிதி ஊமையாக நிற்க நேரிடும்” என்பர். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் திருத்தம் இதற்குச் சான்று. 2020 செப்டம்பர் 20இல் அம்மசோதா மக்களவையில் கொண்டுவரப்பட்டது. 21இல் அங்கு நிறைவேறியது. 23இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. 29இல் நடைமுறைக்கு வந்தது. வெளிநாட்டு நன்கொடை பெறும் நிலையம் அதனை வேறொரு நிலையத்திற்கு மாற்றிக் கொடுத்தல் அதன்மூலம் தடை செய்யப்பட்டது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு நூற்றுக்கு 50இலிருந்து 20ஆகக் குறைந்தது. பணம் கைமாறிச் செல்லும் வழியைக் கண்காணிக்கவும் தவறான பயன்பாட்டைத் தடுக்கவும் இது வேண்டும் என்று அரசாங்கம் கூறிற்று. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் இத்திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பெரிய நிலையத்தின் வழியாகவே அந்நிதியைப் பெற்றுவந்த சிற்றூர்ச் சங்கங்களுக்கு அவ்வழி அடைபட்டது. அத்திருத்தத்தின் நன்மை தீமையை ஆராய்வது இக்கட்டுரையின் பொருளன்று. எட்டு ஒன்பது நாட்களுக்குள் இவ்வளவும் நடக்குமாயின், கலந்தாலோசித்துப் பேசுவது எங்ஙனம் என்பதே நம் கேள்வி.

விடை இதுவே: நெருக்கடி நாளில் கேட்க இயலாதவன், நெருக்கடி இல்லாத நாளில் கேட்டு வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்திற்கு விறகு கோடையிற் சேர்ப்பது போல. எந்தெந்தக் கொள்கைகளில் உறுப்புச் சங்கங்கள் உறுதியாக உள்ளன, எதில் ஐயம் கொண்டுள்ளன, எதில் பிளவுபட்டுள்ளன என்பதை அமைதிக் காலத்திலேயே கூடிப் பேசித் தெளிந்து எழுதி வைத்தால், திடீரென வரும் மசோதாவைப் பற்றியும் அவ்வெல்லைக்குள் நின்று பேசலாம். எல்லைக்கு அப்பால் பேச நேர்ந்தால், “இஃது எங்கள் நிர்வாகக் குழுவின் கருத்து, உறுப்பினரைக் கேட்கக் காலம் வாய்க்கவில்லை” என்று வெளிப்படையாகச் சொல்லலாம். பேசிய பின்னர்த் திரும்பிச் சென்று, என்ன சொன்னோம், ஏன் சொன்னோம் என்று கணக்கு ஒப்புவிக்கலாம். பணத்துக்குக் கணக்குக் கேட்கும் நாம் சொல்லுக்கும் கணக்குக் கேட்க வேண்டாமா?

எண்ணிக்கையில் உண்மை பேசுவதும் இதன் ஒரு பகுதியே. “எங்கள் 300 சங்கங்களின் ஒருமித்த கோரிக்கை” என்று எழுதுதல் எளிது. கேட்பார் செவிக்குக் கம்பீரமாகவும் இருக்கும். “300 சங்கங்களைக் கேட்டோம், 40 விடையளித்தன, அவற்றுள் 35 உடன்பட்டன, 5 மறுத்தன, மறுத்தவற்றின் காரணம் இது” என்று எழுதுவதற்கோ நெஞ்சுரம் வேண்டும். இது குரலைத் தளர்த்திவிடும் என்று சிலர் அஞ்சுவர். ஒருமுறை தளர்த்தலாம். ஆனால் இவ்வாறு எழுதும் சம்மேளனம் என்றேனும் ஒருநாள் “அனைவரும் உடன்பட்டனர்” என்று எழுதுமாயின், அச்சொல்லை எந்த அதிகாரியும் இலேசாகத் தள்ள இயலாது. வாய்மையின் ஆற்றல் மெதுவாகவே சேரும், சேர்ந்தபின் குறையாது.

இவ்வளவும் சம்மேளனத்தை நோக்கிக் கூறினோம். சிறு சங்கங்களும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளுதல் நலம். “பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள்” என்னும் சோம்பல் நம்மிடம் மிகுதி. சுற்றறிக்கை வந்தால் பிரித்துப் பாராமல் கோப்பில் செருகுகிறோம்; மகாசபைக்குப் பயணப்படி உண்டா என்று முதலில் கேட்கிறோம்; கூட்டத்தில் வாய்மூடியிருந்துவிட்டு, பேருந்தில் திரும்பி வரும்போது தீர்மானத்தைக் கண்டித்துப் பேசுகிறோம். கூட்டத்தில் சொல்லாத மறுப்பைப் பேருந்தில் சொல்வது புறங்கூறலேயன்றி வேறன்று. நன்றி காட்டுவதற்கு உரிய இடம் ஒன்று. உண்மை சொல்வதற்கு உரிய இடம் மற்றொன்று. தனக்கு உதவியவரிடம் இன்சொல்லால் மறுப்புக் கூறுபவனே அவருக்கு மெய்யான நன்றி செலுத்துபவன். ஏனெனில் அவர் தவறான சொல்லைத் தன் பெயரால் பேசிவிடாதபடி காக்கிறான்.

மேலும், சிற்றூர்ச் சங்கமும் தனக்குக் கீழே ஒரு சம்மேளனமே என்பதை மறத்தலாகாது. அதுவும் “எங்கள் ஊர்” என்று சொல்கிறது. அவ்வூரில் அதன் படிக்கட்டை ஏறாதவர் எத்தனை பேர்? இரவுப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாத வீடு எது, ஏன் அனுப்பவில்லை என்று கேட்கச் சென்றோமா? மேலுள்ளவரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையைக் கீழுள்ளவர்க்கு நாம் செலுத்துகின்றோமா? படிதோறும் இவ்வினாவைக் கேட்டுக்கொண்டே இறங்கினால், கடைசியில் எந்தச் சங்கத்திலும் பெயரில்லாத ஒரு மனிதனின் குடிசை வாயிலில் போய் நிற்போம். எல்லாச் சங்கங்களும் யார் பொருட்டுத் தோன்றினவோ அவன் அவனே.

ஆதலின் நாம் கூறும் முடிபு இது: துணை செய்வது பேசும் உரிமையைத் தந்துவிடாது, கேட்கும் கடமையையே தருகிறது. கேட்டவன் பேசலாம். கேட்க இயலாதபோது அதனை ஒளியாமற் சொல்லிப் பேசலாம். பேசியவன் திரும்பிச் சென்று கணக்குக் கூற வேண்டும். வர இயலாதவனுக்காகக் கூட்டம் எழுந்து நடக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு மகாசபையை நகரத்தின் மண்டபத்தில் கூட்டாமல், உறுப்புச் சங்கங்களுள் மிகச் சிறியது எதுவோ அதன் ஊரில் கூட்டிப் பார்க்கலாகாதா? நாற்காலிகள் போதாமல் இருக்கலாம். பாயிலும் மரத்தடியிலும் அமர நேரிடலாம். ஆனால் தலைவர் எழுந்து “யாருக்கேனும் ஆட்சேபம் உண்டா?” என்று வினவும்போது, அங்கு நிலவும் மௌனத்தின் பொருள் என்னவென்று அருகே நின்று முகம் பார்த்து அறியலாம். ஒருவேளை மௌனமே கலைந்து, இதுவரை பேசாத ஒருவர் பேசவும் கூடும். அன்றுதான் “நாங்கள்” என்னும் சொல்லை நாம் கூசாமல் எழுதலாம்.